அப்பாவின் கேசட், என் வீடியோ கால்

எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டருக்கென்று ஒரு நேரம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிய பிறகு அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அலமாரியைத் திறப்பார். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1983இல் அப்பா எலக்ட்ரீஷியன் வேலைக்குக் குவைத் போனபோது எனக்கு நான்கு வயது. கடிதம் தபாலில் வரும். கேசட் அப்படி வராது, யாராவது லீவில் ஊருக்கு வந்தால்தான் வரும். கோடாலித் தைலம், டாங் பவுடர், சோப்பு, அவற்றுக்கு நடுவில் துண்டில் சுற்றிய ஒரு கேசட்.

பேசத் தொடங்கும் முன் அப்பா தொண்டையைச் செருமுவார். "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் உட்கார நேரம் தருவதுபோல் கொஞ்சம் நிறுத்துவார். நாங்களும் அதற்குள் அவசரமாக உட்கார்ந்துவிடுவோம். அறையில் எட்டுப் பேர் இருப்பது, கூட இருக்கும் மலையாளி சேட்டன் வைக்கிற மீன் குழம்பு, தூசிப் புயல் அடித்தால் பகலிலேயே விளக்குப் போடுவது என்று அவருடைய நாளைச் சொல்லிக்கொண்டே போவார். ஏ பக்கம் எல்லோருக்கும். பி பக்கம் அம்மாவுக்கு மட்டும். "பிள்ளைங்க போய் விளையாடுங்க" என்று அப்பாவே அதில் சொல்லிவிடுவார்.

பதில் கேசட்டில் நான் வாய்ப்பாடு ஒப்பிப்பேன். அப்பாயி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிடுவார். ஒரு கேசட்டில் அப்பா இப்படிச் சொல்லியிருந்தார்: "அடுத்த தடவ யாரும் ஒண்ணும் பேச வேணாம். சமைக்கிறப்ப டேப்பப் போட்டு அடுப்படியில வச்சிருங்க. சும்மா ஓடட்டும்." அம்மாவுக்கு அது ஏனென்று புரியவில்லை. ஆனாலும் ஒரு பக்கம் முழுக்க ஓட விட்டார்.

பல வருடம் கழித்து, நானே ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாடு போய்த் திரும்பிய பிறகு, தொலைதூரக் கல்வியில் சமூகவியல் எம்.ஏ. சேர்ந்தேன். ஊடகம், பண்பாடு, குடும்ப உறவு இவை மூன்றும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று படிக்கும்போது பிலிப்பைன்ஸ் குடும்பங்களைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் கைக்கு வந்தன. ஒன்று, ரேசல் சலசார் பரேன்யாஸ் என்ற சமூகவியலாளருடையது. பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, பிலிப்பைன்ஸிலேயே வளர்ந்த பிள்ளைகளிடம் பேசி 2005இல் புத்தகமாக எழுதினார். இன்னொன்று மிர்கா மாடியானுவும் மானிடவியலாளர் டேனியல் மில்லரும் சேர்ந்து செய்து 2012இல் வெளியிட்டது. லண்டன், கேம்பிரிட்ஜ் பக்கம் வீட்டு வேலையிலும் நர்ஸ் வேலையிலும் இருந்த பிலிப்பைன்ஸ் அம்மாக்களிடம் பேசிவிட்டு, ஊரில் வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளிடமும் போய்ப் பேசியிருக்கிறார்கள். அங்கேயும் கடிதம், அப்புறம் கேசட், அப்புறம் செல்போன் என்றே கதை போகிறது. நான் அந்தப் பிள்ளையாகவும் இருந்திருக்கிறேன், அந்த அம்மாவாகவும் இருந்திருக்கிறேன். அதனால் அதைப் படிக்கப் படிக்கப் பல இடங்களில் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

முதலில் பிள்ளையாக இருந்த கதை.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. கடிதம் நின்றது. அம்மா ரேடியோவை விட்டு நகரவில்லை. ஈராக் வழியாகப் பஸ்ஸில் ஜோர்டானுக்குப் போனவர்களை அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா பம்பாய்க்குக் கூட்டி வந்துகொண்டிருந்தது. சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். அப்போது எங்களுக்குத் தேவை அந்த ஒருவர் மட்டும்தான். இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அக்டோபரில் ஒரு நாள் காலையில் தோளில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார்.

வந்த அப்பா எனக்குத் தெரிந்த அப்பாவாக இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போதும் விருந்தாளி போலத்தான் இருப்பார். ஆனால் அப்போதெல்லாம் போகும் தேதி ஒன்று இருக்கும். இப்போது தேதி இல்லாமல் வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அதிகம் பேச மாட்டார். எனக்குப் பதினொரு வயது. அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஒரு மதியம், அவர் கொல்லையில் இருக்கிறார் என்று நினைத்து, அறைக்குள் உட்கார்ந்து அவருடைய பழைய கேசட் ஒன்றைச் சத்தம் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நிலைப்படியில் அப்பா. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் டேப் ரிக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டிருந்தது.

தூரத்திலிருந்த அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே விழுகிற மன இடைவெளியைப் பற்றிப் பரேன்யாஸ் விரிவாக எழுதுகிறார். பணம் வருகிறது, படிப்பு நடக்கிறது, யாரும் அப்பாவைக் குறை சொல்வதில்லை. ஆனால் ஒரே அறையில் இருவரும் உட்கார்ந்தால் ஒரு கூச்சம் வருகிறது. அதைப் படித்தபோது, முப்பது வருடமாக என் குணத்தில் ஏதோ கோளாறு என்று நான் சுமந்துகொண்டிருந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிலிப்பைன்ஸில் யாரோ ஒரு பெண்ணும் தன் அப்பா லீவில் வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றிருப்பாள்.

1992இல் அப்பா சவுதி போனார். எங்கள் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை, சொன்ன நேரத்தில், பூத்துக்குப் போன் செய்வார். பணம் வந்துச்சா? அப்பாயிக்கு உடம்பு எப்படி? சரி, வைக்கிறேன். அவ்வளவுதான். நிமிடத்துக்கு அவர் எண்ணிக் கொடுக்கும் ரியால் எங்கள் பேச்சுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே இன்னும் நான்கு பேர் வரிசையில். போன் வந்த பிறகு கேசட் நின்றுபோனது. உடனே குரல் கேட்கிறதே, கேசட் எதற்கு என்று எல்லோரும் நினைத்தோம். மீன் குழம்பும் தூசிப் புயலும் அதோடு போய்விட்டன. வேகமாக வருகிற ஊடகம் நெருக்கத்தையும் கூடவே கொண்டுவரும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். என் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

இப்போது அம்மாவாக இருந்த கதை. சொல்லக் கடினமான பகுதி இதுதான்.

2014இல் நான், வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்க்கத் தேவையான புரோமெட்ரிக் தேர்வு எழுதி சவுதியில் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸாகப் போனேன். மகனுக்கு ஒன்பது வயது. கணவருக்குத் திருப்பூரில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். மகன் என் அம்மாவிடம் இருந்தான். என் அப்பா இருபது வருடம் வெளியில் இருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, குடும்பத்துக்காக உழைக்கிற மனுஷன் என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வீட்டில் இல்லாத என் கணவரையும் யாரும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்: "பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வருது?" அப்பா போனால் அது கடமை, அம்மா போனால் கைவிடல் என்று ஊர் பார்க்கிறது; அந்தப் பார்வை பிள்ளையின் மனதுக்குள்ளும் இறங்கி, அவனுடைய ஏக்கத்தைக் கூட்டுகிறது. இதைப் பரேன்யாஸ் பிலிப்பைன்ஸில் கண்டு எழுதியிருக்கிறார். அங்கேயும் அம்மா போன வீட்டில் அப்பாக்கள் அந்த வேலைகளை முழுதாகத் தலையில் போட்டுக்கொள்வது குறைவு. பாட்டி, அத்தை, மூத்த பெண் என்று பெண்கள் மேலேயே வந்து விழுகிறது. வெளிநாடு போக நினைக்கிற அம்மா இதை முதலிலேயே கணவரிடம் பேசிவிட வேண்டும். பணக் கணக்கைப் பேசுகிறோம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதைப் பேசுவதில்லை. நாங்கள் பேசவில்லை. என் அம்மா அறுபது வயதுக்கு மேல் இரவெல்லாம் தனியாக விழித்தார்.

அந்தக் குற்றவுணர்வோடுதான் நான் போனைக் கையில் எடுத்தேன். அப்போது சவுதியில் இணைய அழைப்புகளுக்குத் தடை இருந்தது. 2017 செப்டம்பரில்தான் நீக்கினார்கள். அதுவரை ஐஎம்ஓ என்ற வீடியோ கால் செயலி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வருகிற நாளில் மூன்று தடவை கூப்பிடுவேன். அங்கே விடியற்காலை ஐந்தரை என்றால் இங்கே எட்டு. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். மதிய இடைவேளையில் ஒரு தடவை. ஏழு மணிக்கு டியூட்டி முடித்து அறைக்கு வந்து ஒரு தடவை, அப்போது இங்கே பத்து மணி, பிள்ளை தூங்கி வழிவான். சாப்பிட்டியா? தட்டைக் காட்டு. ஹோம்வொர்க் முடிச்சியா? நோட்டைக் காட்டு. ஏன் முகம் வாடியிருக்கு? அம்மாயி ஏதும் சொன்னாங்களா? நான் அன்பாகத்தான் கேட்டேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு வருடத்துக்குள் அவன் பேச்சு "ம்" என்ற ஒற்றை எழுத்துக்கு வந்துவிட்டது. போனைப் படுக்க வைத்துவிடுவான், எனக்கு மின்விசிறி மட்டும் தெரியும். ஒரு நாள் போனையே காணவில்லை என்றார்கள். அரிசிப் பானைக்குள் இருந்தது. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று என் அம்மா கேட்டதற்கு அவன் சொன்னது: "போன் இருந்தா அம்மா கூட இருக்க மாதிரி இல்ல அம்மாயி. அம்மா பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு."

மாடியானுவும் மில்லரும் கண்டது கிட்டத்தட்ட இதுவே. செல்போன் வந்த பிறகுதான் மறுபடி அம்மாவாக உணர முடிந்தது என்று லண்டனில் இருந்த பெண்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஊரில் இருந்த பிள்ளைகளிடம் கேட்டால் பதில் அப்படி ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு நிஜமாகவே ஆறுதலாக இருந்தது. நிறையப் பேருக்கு அது கண்காணிப்பாகப் பட்டது. ஒரே போன்தான். ஒரு முனையில் இருப்பவருக்குத் தாய்மையாகத் தெரிவது மறுமுனையில் காவலாகத் தெரிகிறது. அம்மாக்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் இந்தப் பாதி வெளியே வந்திருக்காது. என் மகன் இதைச் சொன்ன நேரத்தில் எனக்கு அந்த ஆய்வு தெரியாது. மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

வழி சொன்னது என் அம்மா. "உங்கப்பா கேசட்ல உன்ன ஏதாச்சும் கேள்வி கேட்டுருக்காராடி? யோசிச்சுப் பாரு. அவரு பாட்டுக்கு அவரு கதையத்தான் சொன்னாரு. நீதான் எப்ப அடுத்தது வரும்னு உக்காந்துருந்த."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அப்பா கேள்வியே கேட்டதில்லை. கேட்டாலும் பதில் உடனே வராது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் பதில் சொல்ல மாதக்கணக்கில் நேரம் இருந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று நானே தீர்மானித்துக்கொள்ள முடிந்தது. என் மகனுக்கு அந்த இடமே இல்லை. நான் கூப்பிட்ட நொடியில் அவன் முகத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

மறுநாளிலிருந்து தினசரி வீடியோ காலை நிறுத்தினேன். அதற்குப் பதில் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு. அன்றைக்கு என்ன நடந்தது என்று மூன்று நான்கு நிமிடம் என் கதையைச் சொல்வேன். வார்டில் ஒரு கட்டிலில் இருந்த எகிப்துப் பாட்டி எனக்கு அரபி எண்கள் சொல்லிக்கொடுத்தது, அறையில் ஏசி பழுதாகி நாங்கள் நான்கு பேரும் கூடத்தில் படுத்தது. கேள்வி எதுவும் வைக்க மாட்டேன். நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன். ஒன்பது நாள் பதில் இல்லை. என் அம்மாவிடம் மட்டும் கேட்டேன், கேட்கிறானா என்று. "ரெண்டு ரெண்டு தடவ போட்டுக் கேக்குறான், நீ பேசாம இரு" என்றார். பத்தாம் நாள் அவனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. பக்கத்து வயலில் போர் போட்டது, நூற்று எண்பது அடியில் தண்ணீர் வந்தது, சேற்றுத் தண்ணீர் தென்னை மரம் உயரத்துக்கு அடித்தது என்று மூச்சு விடாமல் நான்கு நிமிடம். கடைசியில் "சரிம்மா, நாளைக்குச் சொல்றேன்." அந்த "நாளைக்கு" என்ற சொல்லை அன்றிரவு எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது.

வீடியோ கால் வெள்ளிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டோம். அதிலும் முகத்துக்கு முகம் பேசுவதில்லை. இங்கே அடுப்படி மேடையில் ஒரு சொம்பில் போனைச் சாய்த்து வைப்பார்கள். அங்கே நான் துணி மடிப்பேன். இங்கே அம்மா கீரை ஆய்வார். அவன் குறுக்கும் நெடுக்கும் போவான், திடீரென்று வந்து ஏதாவது சொல்லிவிட்டு ஓடுவான். சில நேரம் அரை மணி நேரம் யாரும் ஒன்றும் பேச மாட்டோம்.

பாலிமீடியா என்று மாடியானுவும் மில்லரும் ஒரு சொல்லை உருவாக்கினார்கள். எல்லா வழியும் கைக்கு எட்டுகிற காலம் வந்துவிட்டால், செலவு ஒரு பொருட்டாக இல்லாமல் போனால், எந்த வழியில் பேசுகிறாய் என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் அப்பா போன் செய்யவில்லை என்றால் காசில்லை என்று புரிந்துகொள்வோம். இன்றைக்கு ஒருவர் கூப்பிடாமல் மெசேஜ் மட்டும் போட்டால் அது அவருடைய தேர்வு, அதற்கு அவர் பொறுப்பு. மனம் அங்கேதான் கோணுகிறது. இது புரிந்த பிறகு எங்கள் வீட்டில் எதை எதில் பேசுவது என்று பிரித்துவைத்தோம். பண விஷயம் எழுத்தில் மட்டும், தொகை, தேதி, எதற்கு என்று. குரலில் பேசினால் ஐயாயிரம் ரூபாய்க்குக் கூடச் சண்டை வருகிறது, எழுதினால் வருவதில்லை. மனவருத்தம் எதுவானாலும் எழுதக் கூடாது, பேச வேண்டும். "சரி" என்று கணவர் அனுப்பிய ஒரு சொல்லை நான் கோபமாகப் படித்து மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு தட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரோடு தனியாக ஒரு பேச்சு நேரம் வேண்டும், பிள்ளை காதில் விழாமல். என் அம்மா அவனைப் பற்றிய குறைகளை அவன் முன்னாலேயே என்னிடம் சொல்வார், நான் உடனே அவனைக் கண்டிப்பேன். வருடம் முழுக்கக் கூட இல்லாத ஒரு ஆள் திட்டுவதற்கு மட்டும் திரையில் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? "இரு, அம்மாகிட்ட சொல்றேன்" என்ற மிரட்டலை முழுக்க விட்டுவிடும்படி அம்மாவைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கண்டிப்பு அங்கே இருப்பவருடைய வேலை. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, தகவல் நின்றுபோனால் என்ன என்பது. 1990இன் அந்த இரண்டு மாதம் அம்மாவை விட்டுப் போகவே இல்லை. ஒரு வேளை பதில் தாமதமானாலும் அவருக்குக் கை நடுங்கும். அதனால் தினமும் டியூட்டி முடிந்ததும் குடும்பக் குழுவில் ஒரு புள்ளி மட்டும் வைப்பேன். பதில் வேண்டாம், இமோஜி வேண்டாம். புள்ளி இருந்தால் நான் நலம். வெளியூரில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் இதைச் சொல்வேன், அரை நொடி வேலை.

2018இல் திரும்பி வந்தபோது மகனுக்குப் பதின்மூன்று வயது. வந்த முதல் வாரமே அவன் தூங்கும் நேரத்தை மாற்ற வாய் திறந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் அந்த வீட்டின் சட்டம் எதையும் தொடவில்லை. இரவு நேரங்களில் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் குரல் பதிவு அனுப்பிக்கொண்டோம். நேரில் பேசப் பழக எங்களுக்கு அந்தப் பாலம் தேவைப்பட்டது. அது தவறு என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பதிவுகளை போன் மாற்றும்போது தொலைத்துவிடாமல் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். அப்பாவின் கேசட்டுகளை அப்படிக் காப்பாற்றத் தெரியவில்லை. பலவற்றில் பூஞ்சை பிடித்துவிட்டது. 2019இல் அப்பா இறந்த பிறகுதான் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒரு கடைக்குப் போனேன். நாடாவைக் கையால் சுற்றிப் பார்க்காமல் நேரடியாக ஓட விட்டால் அறுந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். உங்கள் வீட்டிலும் இருந்தால் பழைய ரிக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

எங்கள் அலமாரியில் இல்லாத ஒரு கேசட்டும் அதில் இருந்தது. குவைத்திலிருந்து தப்பி வந்தபோது அப்பா தோளில் போட்டு வந்த பை பரணில் கிடந்தது. அதன் அடிப் பகுதியில் ஒரு துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார். எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். உறையில் அவர் கையெழுத்தில் "அடுப்படி" என்று எழுதியிருந்தது.

மகனும் நானும் அம்மாவும் சேர்ந்து கேட்டோம். அம்மி அரைக்கும் சத்தம். கோழி. கடுகு வெடிப்பது. எங்கோ தூரத்தில் நான் அழுகிறேன், அம்மா அதட்டுகிறார். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. "யாருமே பேசலயேம்மா" என்றான் மகன். அம்மா அவனைக் கையமர்த்தினார். "இரு, இப்ப பித்தளைக் குடத்த எறக்கி வைப்பேன் பாரு."

கணீரென்று ஒரு சத்தம் கேட்டது.